யார் தப்பு என்ற கட்டம்

காலை பத்தரை மணிக்கு மால்கம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே உள்ளூர்ப் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவியைச் சீண்ட அவனுக்கு ஒரு பேப்பர் போதும்.

"இதப் பாரு ரோவீனா. காணாமப் போனவங்களத் தேடுற போலீஸ் பிரிவாம். பெர்சன்ஸ்னு போட்டிருக்கான். உன் கையில கிடைச்சிருந்தா பீப்பிள்னு மாத்தியிருப்பல்ல?"

"அது பிரிவோட பேரு. பேர்ல எல்லாம் கை வைக்க முடியாது," என்றாள் ரோவீனா. "பேர்லயும் கை வைக்கக் கூடாது, அடுத்தவங்க எழுதின கடிதத்துலயும்…"

அவ்வளவுதான், வாய் நின்றுவிட்டது. கையில் இருந்த டீக் கோப்பையை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். 

"என்ன ஆச்சு?" என்றான் மால்கம்.

"கடிதம்," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறி ஓடினாள். ஐம்பத்தேழு வயதில், முட்டிவலியோடு, இரண்டிரண்டு படியாக.

ரோவீனா பில்லிங், இங்கிலாந்தில் லங்காஸ்டர் ஊரில் வீட்டிலிருந்தபடியே புத்தகப் பிரதிகளைத் திருத்திக் கொடுக்கிறவள். பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. மற்றவர்கள் எழுதுவார்கள், இவள் கமாவைப் பொறுக்குவாள் என்பது மால்கமின் விளக்கம். வேலை அதைவிடக் கொஞ்சம் மோசமானது. இந்த இங்கிலீஷ் இருக்கிறதே, ஒரே ஒரு ஆள் நிற்கும்வரை அதற்கு ஒரு தொந்தரவும் கிடையாது. இரண்டாவது ஆள் வந்து பக்கத்தில் நின்றால் வம்பு ஆரம்பம். லிஃப்டுக்குள் எட்டுப் பேர் ஏறலாம் என்று பலகை எழுதினால் அந்த எட்டுப் பேரும் பெர்சன்ஸ். கதவு திறந்து வெளியே வந்ததும் அதே எட்டுப் பேர் பீப்பிள். பீப்பிள்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அது ஆட்களையே குறிக்காது, இனங்களையும் தேசங்களையும் குறிக்கும். அந்த வார்த்தையைச் சரியாகப் போடவேண்டுமென்றால் எட்டுப் பேருக்குப் பின்னால் எட்டு நாடு நிற்கவேண்டும். இதையெல்லாம் சரிபார்க்க ஒரு பெண்மணி காலையிலிருந்து சாயங்காலம்வரை முதுகு வலிக்க உட்கார்ந்திருக்கிறாள். அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

இந்தத் தடவை வந்த புத்தகம் ஐரீன் கிளெக் என்பவள் எழுதியது. பர்ன்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறியே காலம் தள்ளியவள். அவளுடைய தம்பி நெவில் இருபத்திரண்டு வயதில், சமையலறை மேஜைமேல் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போனவன். முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. போனவன் போனவன்தான். அவனைப் பற்றியும், அவனைப் போல ஆள் காணாமல் போன மற்றக் குடும்பங்களைப் பற்றியும் எழுதியிருந்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனால் போலீஸ் அறிக்கை வருகிற இடமெல்லாம் பெர்சன்ஸ், அவள் பேசுகிற இடமெல்லாம் பீப்பிள், நடுநடுவே ஒரு காரணமும் இல்லாமல் பீப்பிள்ஸ். ரோவீனா இரண்டு நாள் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டு முடிவெடுத்தாள். அரசாங்கப் பெயர்களில் மட்டும் பெர்சன்ஸ் இருக்கட்டும். மற்ற எல்லா இடத்திலும் பீப்பிள்.

முடிவில் தப்பு இல்லை. அதைச் செய்த விதத்தில்தான் தப்பு. சில்லறைத் திருத்தங்களை எழுத்தாளர் கண்ணில் காட்டாமலே செய்வது இந்தத் தொழிலில் வழக்கம். ஆயிரம் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தால் எழுதினவர்களுக்கு உயிர் போய்விடும். அதனால் கோடு காட்டும் வசதியை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரிடம் ஒரே தட்டலில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள். ரோவீனாவும் அப்படித்தான் தட்டினாள். அறுபத்து மூன்று பீப்பிள்ஸ் ஒரு நொடியில் பீப்பிள் ஆயிற்று. கடிதங்களை மட்டும் பிறகு ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். மற்றக் குடும்பங்கள் தங்கள் கடிதங்களைப் படம் எடுத்து அனுப்பினார்கள், பார்த்தாள், வைத்தாள். நெவிலின் கடிதத்துக்குப் படம் கேட்டபோது, அந்தக் காகிதத்தைப் படமெல்லாம் எடுக்கிறதாக இல்லை என்று ஐரீன் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்று ரோவீனா ஒரு துண்டுச் சீட்டில் எழுதினாள். அந்த வாரம் பார்த்து மால்கமுக்குப் பல் வலி. சீட்டு எங்கே போனதென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இப்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஐரீன் முதலில் அனுப்பிய பிரதியையும் அச்சுக்குப் போகிற பிரதியையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்தாள். இருநூற்றுப் பதினோராம் பக்கம், புத்தகத்தின் கடைசிப் பக்கம். நெவிலின் கடிதத்தில் அந்த வார்த்தை நான்கு இடத்தில் வருகிறது. ஐரீன் அனுப்பியதில் இரண்டு இடத்தில் பீப்பிள்ஸ், இரண்டு இடத்தில் பீப்பிள். அச்சுக்குப் போவதில் நான்கும் பீப்பிள். செத்தானோ இருக்கிறானோ என்று தெரியாத ஒரு பையன் கடைசியாக எழுதியதில் இவள் கை வைத்திருக்கிறாள்.

அச்சகத்துக்குக் கோப்பு போகிற நேரம் மதியம் ஒரு மணி. கடிகாரத்தில் பத்து நாற்பத்தெட்டு.

அவள் பதிப்பகத்தில் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபரா சித்திக்கைக் கூப்பிட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான எண்ணுக்குப் போயிற்று.

"சொல்லுங்க ரோவீனா. நல்ல சேதின்னா மட்டும் சொல்லுங்க, இன்னும் நான் சாப்பிடல."

ரோவீனா சொன்னாள். ஃபரா அச்சகத்தின் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் ரோவீனா வாழ்க்கையில் செய்த எல்லாத் தப்பையும் நினைத்துப் பார்த்துவிட்டாள்.

"திருத்தப் பட்டியல் அனுப்புங்க," என்றாள் ஃபரா. "பன்னிரண்டே முக்காலுக்குள்ள வந்தா உள்ள போடச் சொல்றேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம்னாலும் என்னால முடியாது. ஆனா ஒண்ணு. அந்தக் கட்டத்துல என்ன போடப் போறீங்க?"

அந்தக் கட்டம் என்றதும் ரோவீனாவுக்கு முகம் சுட்டது. பதிப்பகத்தின் திருத்தப் பட்டியலில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே ஒரு கட்டம் உண்டு. யார் தப்பு? எழுத்துக் கோத்தவரா, திருத்தியவரா, எழுதியவரா? ஒரே ஒரு எழுத்தைப் போட்டால் போதும். போன புத்தகத்தில் திருத்தியவர் தப்பு என்று பதினொரு வரி வந்துவிட்டது. முதலாளி அதை எண்ணிப் பார்த்தார். அடுத்த தடவையும் இப்படி என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபராவிடம் சொன்னார். அதை ஃபராவும் மறைக்காமல் இவளிடம் சொல்லியிருந்தாள்.

"எழுதினவங்க கடைசி நேரத்துல மாத்தச் சொன்னாங்கன்னு போட்டுடலாம்," என்றாள் ஃபரா, குரலைத் தாழ்த்தி. "அவங்களுக்கு இதெல்லாம் தெரியப் போறதில்ல. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"முதல்ல அவங்ககிட்ட பேசிடறேன்," என்றாள் ரோவீனா. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, அதுதான் உண்மை.

ஐரீன் வீட்டில் போன் ஒன்பது தடவை அடித்தது. மால்கம் கதவோரம் வந்து நின்று எட்டிப் பார்த்தான். "பீப்பிள்னாலும் பெர்சன்ஸ்னாலும் ஆள்தானே? இதுக்கா இப்படி வேர்க்குது உனக்கு?" என்றான். ரோவீனா கையால் போ என்றாள். அவன் போகாமல் அங்கேயே நின்றான். அவனுக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

"யாரு?" என்றது ஐரீனின் குரல். "துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

"நான் ரோவீனா பேசறேன். உங்க புத்தகத்தத் திருத்தின ரோவீனா."

"அட, நீயா கண்ணு. புத்தகம் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல. மிஸஸ் கிளெக், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்." என்றாள் ரோவீனா. "நெவில் கடிதத்துல பீப்பிள்ஸ்னு இருந்தத நான் மாத்திட்டேன். தெரிஞ்சு செய்யல. மொத்தமா மாத்தும்போது அதுவும் மாறிடுச்சு. அத நான் தொட்டிருக்கவே கூடாது."

மறுமுனையில் ஐரீன் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது, துணிக்கூடையாக இருக்கும்.

"அதுவா. சரிபாக்கச் சொல்லிப் பக்கம் அனுப்பினாங்கல்ல, அதுல பாத்தப்பவே தெரிஞ்சுதே எனக்கு," என்றாள்.

"தெரியுமா? ஏன் சொல்லல?"

"அவன எல்லாரும் திருத்திக்கிட்டேதான கண்ணு இருந்தாங்க. பள்ளிக்கூடத்துல பீப்பிள்ஸ்னு எழுதினதுக்கு இருநூறு தடவை எழுத வச்சாங்க. எழுதிட்டு வந்து மறுநாளும் பீப்பிள்ஸ்னுதான் எழுதுவான். மில்லுல அதச் சொல்லியே கூப்பிடுவாங்க, பீப்பிள்ஸ் வர்றான்னு. கடைசில எனக்கும் வாய்ல அதுவே ஒட்டிக்கிச்சு. சரி, புத்தகம்னா அப்படித்தான் போல, அங்கயும் திருத்துவாங்கன்னு நினைச்சேன்."

ரோவீனாவுக்குக் கண் கரித்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

"புத்தகம்னா அப்படி இல்ல," என்றாள். "அவர் எழுதினது அவர் எழுதினபடியே இருக்கணும். பன்னிரண்டே முக்கால் வரைக்கும் நேரம் இருக்கு. நீங்க அனுப்பினதுல ரெண்டு இடத்துல ஒரு மாதிரி, ரெண்டு இடத்துல வேற மாதிரி இருக்கு. எது சரின்னு காகிதத்தப் பாத்தாத்தான் தெரியும். நீங்க அத எடுத்து எனக்கு வாசிக்கணும். நான் இங்க பாத்துக்கிட்டே வருவேன்."

"வாசிக்கணுமா?"

"சத்தமா. எங்க தொழில்ல அதுதான் வழக்கம். ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் பாப்பாங்க. அர்த்தத்தப் பாக்க வேண்டாம். கமா வந்தா கமான்னு சொல்லணும், முற்றுப்புள்ளி வந்தா முற்றுப்புள்ளின்னு சொல்லணும், வரி முடிஞ்சா வரின்னு சொல்லணும்."

"நான் அத எடுத்தே ரொம்ப வருஷம் ஆச்சு கண்ணு." ஐரீனின் குரல் இறங்கியது. "புத்தகத்துக்குக்கூட அதப் பாத்து அடிக்கல. மனப்பாடம்தானே. கண்ண மூடிக்கிட்டு அடிச்சேன்."

மனப்பாடத்திலிருந்து அடித்த பிரதி. அப்படியென்றால் நான்கு வார்த்தை மட்டும் இல்லை, எதையுமே நம்ப முடியாது. கடிகாரம் பதினொன்று இருபதைக் காட்டியது.

"எடுத்துட்டு வாங்க," என்றாள். "நான் போன வைக்காம இருக்கேன்."

ஐரீன் மாடி ஏறி, அலமாரி திறந்து, பிஸ்கட் டப்பாவைக் கண்டுபிடித்து, கண்ணாடியைத் தேடி, அது தலைமேலேயே இருப்பதைக் கண்டு, கீழே வந்து சேர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அந்த இருபத்தைந்து நிமிஷமும் ரோவீனா போனைக் காதில் வைத்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் மால்கம் டீ கொண்டுவந்து வைத்தான். அது ஆறி ஆடை கட்டியது. பட்டியலைத் திறந்து, நான்கு வரி போட்டு, எதிரே உள்ள கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். காலியாக இருக்கிற அந்த நான்கு கட்டத்தையும் அவள் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"எடுத்துட்டேன்," என்றாள் ஐரீன். "ஆரம்பிக்கட்டா?"

"மெதுவா."

"ஐரீன், கமா, வரி. தட்டெல்லாம் கழுவி வச்சிட்டேன், கமா, பூனைக்கும் வச்சாச்சு, முற்றுப்புள்ளி. இந்த ஊர் பீப்பிள்ஸ் மேல எனக்குக் கோவம் இல்ல, முற்றுப்புள்ளி."

"பீப்பிள்ஸ்," என்று ரோவீனா குறித்துக்கொண்டாள்.

"மில்லுல இருக்கற பீப்பிள்ஸ்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு, முற்றுப்புள்ளி. எல்லா பீப்பிள்ஸும் கேப்பாங்க, கமா, என்ன சொல்றதுன்னு தெரியலன்னா ஒண்ணும் சொல்லாத, முற்றுப்புள்ளி. ரொம்ப பீப்பிள்ஸ் இருக்கற இடம் எனக்கு ஒத்துக்கல, கமா, யாருமே இல்லாத இடமும் ஒத்துக்கல, முற்றுப்புள்ளி."

நான்கும் பீப்பிள்ஸ். ஐரீனின் குரல் ஆச்சரியமாகத் தட்டையாக இருந்தது. கமாவும் முற்றுப்புள்ளியும் சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வர நேரம் இல்லாமல் போய்விட்டது போல. ரோவீனாவின் தோள் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது. இன்னும் ஒரே வரிதான் பாக்கி, பால்காரரிடம் சொல்லச் சொல்கிற வரி. அவள் கண் ஏற்கெனவே அந்த வரியில் போய் நின்றிருந்தது.

ஆனால் ஐரீன் வாசிக்கவில்லை.

"மிஸஸ் கிளெக்? அடுத்து பால்காரர்கிட்டன்னு வரும்."

"வரும்," என்றாள் ஐரீன். "அதுக்கு முன்னாடி ஒரு வரி இருக்கு."

"இங்க இல்லையே."

"தெரியும்."

பன்னிரண்டு அடிக்க நாலு நிமிஷம். எழுதி எடுக்கும்போது ஒரு வரி விட்டுப்போவது இந்தத் தொழிலில் தினம் நடக்கிற சங்கதி, கண் தாவிவிடும். இது கண் தாவியது இல்லை என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அஞ்சு மணி பஸ் வரைக்கும் நிலையத்துல இருப்பேன், முற்றுப்புள்ளி," என்று ஐரீன் வாசித்தாள். "வந்து கூப்பிட்டா வந்துடுவேன், முற்றுப்புள்ளி. பால்காரர்கிட்ட ஒரு பாட்டில் குறைச்சுக்கச் சொல்லு, முற்றுப்புள்ளி. நெவில்."

மால்கம் கதவோரத்திலிருந்து மெதுவாக உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நான் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டேன் கண்ணு," என்றாள் ஐரீன். "நிலையம் நடந்தா பத்து நிமிஷம். கடிதத்தப் படிச்சேன். எனக்குக் கோவம். அடிக்கடி இப்படி ஏதாவது பண்ணுவான், நான்தான் பின்னாடியே ஓடுவேன். இந்தத் தடவை அவனே வரட்டும்னு உட்கார்ந்துட்டேன். உருளைக்கிழங்கு வறுத்து அடுப்புக்குள்ள சூடா வச்சேன். அவனுக்குப் பிடிக்கும். ஒன்பது மணி வரைக்கும் அடுப்ப அணைக்கல."

"போலீஸ்ல…"

"அங்க இருந்தவரு கடிதத்தக் கேக்கவே இல்ல. இருபத்திரண்டு வயசுப் பையன், போனா போறான்னுட்டாரு. அம்மாகிட்ட நான் ஆறு மணிக்குத்தான் வந்தேன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி அதுவே நிலைச்சுப் போச்சு. முதல் அத்தியாயத்துலயும் ஆறுன்னுதான் எழுதியிருக்கேன்."

எழுதியிருந்தாள். ரோவீனா அந்த வரியைத் திருத்தும்போது, ஆறு மணி என்பதை எண்ணால் எழுதுவதா எழுத்தால் எழுதுவதா என்று கால் மணி நேரம் யோசித்திருக்கிறாள்.

"அந்த வரி அச்சுல வரணும்னு இல்ல, மிஸஸ் கிளெக்," என்றாள் ரோவீனா. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் இப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள். "உங்க புத்தகம் அது. நீங்க விட்டா விட்டதுதான். யாருக்கும் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ இப்பத்தான சொன்ன, அவன் எழுதினபடியே இருக்கணும்னு."

"சொன்னேன்."

"அப்ப போடு. பக்கத்துல இடம் இருக்கா?"

பக்கத்தில் இடம் இருந்தது. கடிதத்தோடு புத்தகம் முடிகிறது, கீழே பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. ரோவீனா பட்டியலில் ஐந்தாவது வரியைச் சேர்த்தாள். மூன்று தடவை அடித்து அழித்து அடித்தாள்.

"ஆறுங்கறதயும் மாத்திடு," என்றாள் ஐரீன். "நாலுன்னு போடு."

"யோசிச்சுச் சொல்லுங்க. பன்னிரண்டே முக்கால் வரைக்கும் நேரம் இருக்கு."

"முப்பத்தஞ்சு வருஷம் யோசிச்சாச்சு. அம்மாவும் போயிட்டாங்க. ஆமா, இதெல்லாம் மாத்தினா உன்ன யாராவது ஏதாவது சொல்லுவாங்களா?"

ரோவீனா பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து அவளுக்குப் பொய் சொல்ல மூன்று வாய்ப்பு கிடைத்துவிட்டது. "பட்டியல்ல யார் தப்புன்னு ஒரு கட்டம் இருக்கு," என்றாள். "ஒவ்வொரு வரிக்கும் நிரப்பணும். முதல் நாலும் என் தப்பு, காகிதத்தோட ஒப்பிடாம விட்டது நான்தான்." சொல்லிக்கொண்டே அந்த நான்கு கட்டத்திலும் திருத்தியவருக்கான எழுத்தைப் போட்டாள். முதலாளி எண்ணட்டும்.

"மீதி ரெண்டுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் போட வேண்டாம். நான் ஃபராகிட்ட சொல்லிக்கறேன்."

"இல்ல கண்ணு," என்றாள் ஐரீன். அவளுடைய குரல் இப்போதுதான் உடைந்தது. "கட்டம் இருக்குன்னியே. இத்தன வருஷம் யார் தப்புன்னு யாரும் என்கிட்ட கேட்டதில்ல. என் பேரப் போடு. ஒரு எழுத்து வேண்டாம், முழுப் பேரப் போடு."

கட்டம் ஒரே ஒரு எழுத்துக்கு அளவாக வைத்தது, முழுப் பெயர் அதில் அடங்காது. ரோவீனா அதை இழுத்து அகலமாக்கி, ஐந்தாவது வரியிலும் ஆறாவது வரியிலும் ஐரீன் கிளெக் என்று அடித்தாள். பன்னிரண்டு முப்பத்தொன்பதுக்குப் பட்டியல் போயிற்று.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், கடைசியாகப் பார்த்துச் சரி சொல்லச் சொல்லி, ஃபரா மாற்றிய பக்கங்களை அனுப்பினாள். போனில் ஐரீன் இன்னும் இருந்தாள். ரோவீனா முதல் அத்தியாயத்தைத் திறந்தாள். ஆறு இருந்த இடத்தில் நாலு இருந்தது. ஒரு வார்த்தையை மாற்றினால் கீழே உள்ள வரியெல்லாம் தள்ளிப்போவது உண்டு. அந்த வரி நகரவில்லை, அதற்கடுத்த வரியும் நகரவில்லை, மற்ற எல்லாம் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது.